லேப்டாப் ஆன் ஆகும்போது கேட்கும் பாஸ்வேர்டு: 4 வருடம் நம்பியிருந்த பிறகு என் மதிப்பீடு

இரண்டு மாதம் முன்னால் 18ஆம் தேதி காலையில் என் லேப்டாப் ஆன் ஆகவில்லை. ஜிஎஸ்டி வேலை பார்க்கிறவர்களுக்கு 18ஆம் தேதி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை, 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாத ரிட்டர்னைப் போட்டாக வேண்டும், திருப்பூரில் பவர் டேபிள் தையல் யூனிட்டுகள், இரண்டு நிட்டிங், ஒரு காம்பாக்டிங் என்று 40 பேருக்கு மேல் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்கு ஓடினேன். கடைத் தம்பி மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு "போர்டு போயிருச்சுங்கக்கா" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்தாரோ என்னவோ, நான் வாய் திறப்பதற்குள் அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஃபைல்கள் எல்லாம் இருக்கும் விரல் நீள எஸ்எஸ்டியை உருவி எடுத்து, ஒரு யூஎஸ்பி கேஸுக்குள் போட்டு, தன்னுடைய கம்ப்யூட்டரில் செருகினார். "டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகலைங்க, இங்க பாருங்க."

உண்மைதான், ஒன்றும் ஆகவில்லை. டி டிரைவில் ஒவ்வொரு பார்ட்டி பெயரிலும் நான் வைத்திருந்த ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. ஆதார் காப்பி, பான் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், பார்ட்னர்ஷிப் டீடு, அப்புறம் எல்லோருடைய போர்ட்டல் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் போட்டு வைத்த அந்த எக்செல் ஷீட். சி டிரைவில் என் பெயரில் இருக்கும் ஃபோல்டரைத் திறக்கும்போது மட்டும் விண்டோஸ் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை, தொடரவா என்று கேட்டது. அவர் தொடர் என்று அழுத்தினார், திறந்துவிட்டது. பாஸ்வேர்டு என்று ஒரு வார்த்தை எந்த இடத்திலும் வரவில்லை.

ரிட்டர்ன் போட்டுவிடலாம் என்ற நிம்மதியும் வயிற்றைக் கலக்கும் பயமும் ஒரே நிமிடத்தில் வந்தன. ஏனென்றால் நான் பாஸ்வேர்டு போடாமல் இருந்தவள் இல்லை. பவர் பட்டனை அழுத்தியதும் கறுப்புத் திரையில் ஒரு பாஸ்வேர்டு, அதைத் தாண்டினால் விண்டோஸில் ஒரு பின், தினமும் காலையில் இரண்டையும் அடித்துத்தான் 4 வருடமாக வேலையை ஆரம்பித்தேன். பார்ட்டிகளிடம்கூட "என் லேப்டாப்பை யாரும் திறக்க முடியாதுங்க" என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் தம்பி நல்லவர், என் கண்முன்னாலேயே தேவையானதைக் காப்பி செய்து கொடுத்துவிட்டு எஸ்எஸ்டியைக் கையில் தந்துவிட்டார், 3பி எல்லாம் இரவல் லேப்டாப்பில் நேரத்துக்குப் போய்விட்டது. ஆனால் அதே லேப்டாப்பை நான் பஸ்ஸில் தொலைத்திருந்தால்? அன்றிலிருந்து இந்த ஸ்டார்ட்அப் பாஸ்வேர்டு என்கிற வசதி உண்மையில் எதைக் காக்கிறது, எதைக் காக்காது என்று தோண்டிப் பார்த்து, புது லேப்டாப்பில் எல்லாவற்றையும் மாற்றி வைத்து, ஒன்றரை மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கறுப்புத் திரை பாஸ்வேர்டு. இது பயோஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் சின்ன மென்பொருள், கேட்பது (இப்போது வருவதெல்லாம் யூஈஎஃப்ஐ, வாய்வழக்கில் இன்னும் பயோஸ்தான்). பயோஸ் குடியிருப்பது மதர்போர்டில். பாஸ்வேர்டு சரியாக இருந்தால் மேற்கொண்டு ஆன் ஆகு, இல்லாவிட்டால் இங்கேயே நில் என்று அந்த போர்டுக்கு மட்டும்தான் அது உத்தரவு போடுகிறது. எஸ்எஸ்டியில் இருக்கும் ஒரு எழுத்தைக்கூட அது தொடுவதில்லை, மாற்றுவதில்லை. எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு போர்டில் வைத்தால் அந்த போர்டுக்கு உங்கள் பாஸ்வேர்டைப் பற்றி எதுவுமே தெரியாது. எனக்கு நடந்தது இதுதான். இவ்வளவு எளிய விஷயம் 4 வருடம் என் மண்டையில் ஏறவில்லை, காரணம் அந்தத் திரையில் வரும் பூட்டுப் படம் கம்ப்யூட்டர் முழுவதையும் பூட்டியது போன்ற ஒரு எண்ணத்தைக் கொடுத்துவிடுகிறது.

டெஸ்க்டாப்பில் நிலைமை இன்னும் மோசம். காலம் காலமாக அங்கே இந்தப் பாஸ்வேர்டு சீமாஸ் என்கிற சின்ன நினைவகத்தில் இருந்து வந்திருக்கிறது, அதற்கு உயிர் கொடுப்பது காசு மாதிரி வட்டமாக இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் வைத்திருந்தால் பாஸ்வேர்டு போய்விடும். அதற்கும் பொறுமை இல்லாவிட்டால் போர்டிலேயே அதற்கென்று இரண்டு ஊசி வைத்திருக்கிறார்கள், ஏசுஸ் போர்டில் சிஎல்ஆர்டிசி என்று எழுதியிருக்கும், எம்எஸ்ஐ போர்டில் ஜேபேட்1 என்று இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டையும் சேர்த்துத் தொட்டால் எல்லா செட்டிங்கும் அழிந்து புதிது போல் ஆகிவிடும். இது ரகசியம் ஒன்றுமில்லை, போர்டு வாங்கும்போது கூடவே வரும் கையேட்டில் படம் போட்டு விளக்கியிருப்பார்கள். இன்னொன்று, வருடக்கணக்கில் ஓடிய பிறகு அந்த பேட்டரி தானாகவே தீர்ந்துவிடும், அப்போது தேதி பழைய வருடத்துக்குப் போய் நிற்பதோடு பாஸ்வேர்டும் தானாகக் காணாமல் போகும். அலுவலகத்தில் டெஸ்க்டாப் வைத்து, பயோஸ் பாஸ்வேர்டு போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள்.

லேப்டாப் இந்த ஒரு விஷயத்தில் மேல். பெரும்பாலான லேப்டாப்புகளில் பாஸ்வேர்டு தனிச் சிப்பில் எழுதப்படுகிறது, பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. லெனோவோவின் திங்க்பேட்டில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டை (பயோஸ் செட்டிங்கைக் காப்பது) மறந்துவிட்டால் அதை ரீசெட் செய்ய முடியாது, சிஸ்டம் போர்டையே மாற்ற வேண்டும் என்று லெனோவோ தன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. கேட்க பலமாக இருக்கிறது, ஆனால் யாருக்கு எதிராக என்று யோசித்துப் பாருங்கள். திருடியவர் எஸ்எஸ்டியை உருவிக்கொண்டு மீதியை ஸ்பேர் பார்ட்ஸாக விற்றுவிடுவார், மறந்துபோன உரிமையாளர்தான் போர்டுக்குக் காசு கொடுக்க வேண்டும். சில கம்பெனிகளின் பழைய மாடல்களில் மூன்று முறை தப்பாக அடித்தால் திரையில் ஒரு எண் வரும், அந்த எண்ணை வைத்துத் திறக்கும் பாஸ்வேர்டைக் கணக்குப் போட்டுவிடலாம், அந்தக் கணக்கு பல வருடங்களாக வெளியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை: ரிச்சி ஸ்ட்ரீட்டோ உள்ளூர்க் கடையோ, பணம் கொடுப்பதற்கு முன் ஆன் செய்து பயோஸ் செட்டிங்குக்குள் போய்ப் பாருங்கள். அங்கே பாஸ்வேர்டு கேட்டால் முந்தைய கம்பெனி வைத்தது நீக்கப்படாமல் இருக்கிறது என்று அர்த்தம், வாங்காதீர்கள்.

சரி, இதற்குப் பயனே இல்லையா என்றால் அப்படியும் சொல்ல மாட்டேன். பயோஸில் இரண்டு வகை உண்டு, ஆன் ஆகவே கேட்பது ஒன்று, செட்டிங்கை மாற்றப் போனால் மட்டும் கேட்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நான் மதிக்கிறேன். பென்டிரைவில் இருந்து கம்ப்யூட்டர் ஆன் ஆகாதபடி வைத்து, சரிபார்க்கப்பட்ட மென்பொருளை மட்டும் ஆன் ஆக விடும் செக்யூர் பூட் வசதியை ஆன் செய்து, அதை யாரும் மாற்ற முடியாதபடி செட்டிங் பாஸ்வேர்டு போட்டால் பள்ளி லேப், பிரவுசிங் சென்டர் மாதிரி இடங்களில் உண்மையாகவே உதவும், அங்கே எல்லோர் முன்னாலும் ஸ்க்ரூவைக் கழற்ற யாரும் துணிய மாட்டார்கள். வீட்டில், ஹாஸ்டலில், போகிற போக்கில் எட்டிப் பார்க்கிறவர்களையும் தடுக்கும். 5க்கு 2 கொடுக்கலாம்.

அடுத்து விண்டோஸ் பாஸ்வேர்டு. விண்டோஸ் 98 காலத்தில் அந்தப் பெட்டி வந்ததும் எஸ்கேப் கீயைத் தட்டினால் உள்ளே போய்விடலாம். இப்போது அப்படி இல்லை, உள்ளே நுழையும் வழி உண்மையாகவே இறுக்கமாகியிருக்கிறது. ஆனால் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால்தானே அது கேள்வி கேட்கும்? 2012இல் என் தம்பிக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸும் பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்ந்தே இருந்தன. அவன் விண்டோஸுக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டு எனக்குச் சொல்ல மாட்டான், நான் லினக்ஸுக்குள் போய் அவனுடைய படங்களை எல்லாம் பார்ப்பேன். அது அந்த லேப்டாப்பின் குறை இல்லை, எந்தக் கம்ப்யூட்டரிலும் இதுதான் நடக்கும், உபுண்டு என்ற லினக்ஸைப் போட்ட ஒரு பென்டிரைவ் போதும். இதுதான் என் தொழிலுக்கே ஆபத்து என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. இன்னும் ஒரு படி மேலே போய், விண்டோஸ் பாஸ்வேர்டுகளின் அடையாளத்தை வைத்திருக்கும் சாம் என்ற ஃபைலை வெளியில் இருந்தபடி திருத்திப் பாஸ்வேர்டையே காலியாக்கும் கருவிகள் 1990களில் இருந்தே உண்டு.

லினக்ஸ்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். 2015 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டு வலென்சியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெக்டர் மார்க்கோ, இஸ்மாயெல் ரிபோல் என்ற இருவர், லினக்ஸை ஆன் செய்து வைக்கும் கிரப் பூட்லோடர் யூசர் பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸ் கீயை 28 முறை தட்டினால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போகலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். 2009இல் இருந்தே அந்த ஓட்டை இருந்திருக்கிறது. உடனே அடைத்துவிட்டார்கள். நான் இதைச் சொல்வது, வாசலில் நின்று கேள்வி கேட்கும் எந்தப் பாஸ்வேர்டாக இருந்தாலும் கேட்கிறவரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கிடைத்துவிட்டால் அவ்வளவுதான் என்பதற்காக.

பயோஸிலேயே ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு என்று ஒன்று சில லேப்டாப்பில் இருக்கும். இது டிஸ்க்குக்கே போடும் பூட்டு, கழற்றி வேறு இடத்தில் மாட்டினாலும் கேட்கும், அந்த வகையில் நல்லது. சாதாரண ஹார்டு டிஸ்க்கில் உள்ளே இருக்கும் தகவல் மாறாமல் அப்படியேதான் இருக்கும், டேட்டா ரெக்கவரி வேலை தெரிந்தவர்கள் எடுத்துவிடலாம். தானாகவே என்க்ரிப்ட் செய்துகொள்ளும் (தகவலைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிக்கொள்ளும்) எஸ்எஸ்டி என்றால் சரி என்று நானும் நினைத்தேன், 2018இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் க்ரூஷியல், சாம்சங் கம்பெனிகளின் சில மாடல்களைப் பிரித்து ஆராய்ந்ததில், எம்எக்ஸ்100, 840 ஈவோ போன்றவற்றில் பாஸ்வேர்டு தெரியாமலே தகவலைத் திறக்க வழி இருந்தது தெரியவந்தது. அதன் பிறகு 2019இல் மைக்ரோசாஃப்ட், டிஸ்க்கின் சொந்த என்க்ரிப்ஷனை நம்புவதை விட்டுவிட்டு தன் மென்பொருளாலேயே என்க்ரிப்ட் செய்வதை, விண்டோஸின் என்க்ரிப்ஷன் வசதியான பிட்லாக்கரின் இயல்பான முறையாக மாற்றிக்கொண்டது. அதனால் இதை நான் சீண்டவே இல்லை.

இப்போது நான் பயன்படுத்துவது பிட்லாக்கர். இது விண்டோஸ் விஸ்டா காலத்தில் இருந்தே இருக்கிறது, ப்ரோ பதிப்பில் முழுதாகக் கிடைக்கும். மற்றதற்கும் இதற்கும் வித்தியாசம் இதுதான்: எஸ்எஸ்டியில் எழுதப்படுவதே புரியாத எழுத்தாக மாறித்தான் உள்ளே போகிறது. சாவி இல்லாமல் எஸ்எஸ்டியைக் கழற்றி எங்கே மாட்டினாலும் வெறும் குப்பை. புது லேப்டாப்பில் 512 ஜிபி எஸ்எஸ்டி, பயன்படுத்திய இடம் மட்டும் என்று தேர்ந்தெடுத்ததால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. டேலியும் எக்செலும் பத்துப் பதினைந்து பிரவுசர் டேப்பும் திறந்து வைத்துத்தான் வேலை பார்க்கிறேன், வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில்தான் நிறையப் பேர் விழுவார்கள் என்று பயப்படுகிறேன். சும்மா ஆன் செய்துவிட்டால் பிட்லாக்கர் உங்களிடம் எதுவும் கேட்காது. சாவியை டிபிஎம் என்கிற சிப் வைத்திருக்கும், பவர் பட்டனை அழுத்தியதும் அது தானாகவே சாவியைக் கொடுத்துவிடும், விண்டோஸ் லாகின் திரை வரைக்கும் போய் நிற்கும். எஸ்எஸ்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவரை இது தடுக்கும், முழு லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு சாவியும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. 2024 பிப்ரவரியில் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், டிபிஎம் தனிச் சிப்பாக இருந்த ஒரு பழைய திங்க்பேட்டைத் திறந்து, சிப்பில் இருந்து பிராசஸருக்குப் போகும் கம்பித் தடத்திலேயே சாவியைப் படித்துக் காட்டினார். செலவு ராஸ்பெர்ரி பை பிகோ என்ற ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு, 10 டாலருக்கும் குறைவு. நேரம் 43 வினாடி. பல புது லேப்டாப்புகளில் டிபிஎம் பிராசஸருக்குள்ளேயே இருப்பதால் அங்கே இந்த வழி எடுபடாது, ஆனாலும் தானாகச் சாவி கொடுக்கிற ஒரு பூட்டை நம்பி 40 பேருடைய ஆதாரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு மருந்து ஸ்டார்ட்அப் பின். ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசி என்கிற ஆழமான செட்டிங் பகுதிக்குள் போய், ஆன் ஆகும்போது கூடுதலாகக் கேள் என்கிற செட்டிங்கை மாற்றினால் பின் வைக்கலாம், குறைந்தது 6 இலக்கம். அதை அடித்தால்தான் டிபிஎம் சாவியைக் கொடுக்கும். தப்பாக அடித்துக்கொண்டே போனால் 32 முறைக்கு அப்புறம் பூட்டிக்கொண்டு, 10 நிமிடத்துக்கு ஒரு முயற்சிதான் அனுமதிக்கும், அதனால் வரிசையாக எண்களைப் போட்டுப் பார்ப்பது நடக்காது. செட்டிங்கைத் தேடுவது கஷ்டம், நான் முதல் நாள் ஒரு மணி நேரம் அலைந்தேன், இவ்வளவு முக்கியமான ஒன்றை இத்தனை ஆழத்தில் ஏன் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று கோபம்கூட வந்தது. வெளியில் பார்க்க இதுவும் என் பழைய பாஸ்வேர்டு மாதிரியேதான், ஆன் செய்ததும் ஒரு கட்டம் வந்து கேட்கிறது. உள்ளே நடப்பது முற்றிலும் வேறு.

ஹோம் பதிப்பில் இந்தப் பின் வைக்கும் வசதி இல்லை. டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் சுருக்கமாக ஒன்று இருக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ளே போனால் ஆன் ஆகும், 2024இல் வந்த விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போடும்போது பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. லோக்கல் அக்கவுண்ட் மட்டும் வைத்திருந்தால் என்க்ரிப்ட் ஆனது போலக் காட்டிவிட்டுச் சாவியைத் திறந்தே வைத்திருக்கும் நிலையில் நின்றுவிடலாம், அதனால் செட்டிங்கில் போய் ஒரு முறை உங்கள் கண்ணால் பாருங்கள். காசு செலவு செய்து ப்ரோவுக்கு மாற முடியாதவர்களுக்கு வெராக்ரிப்ட் என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம், ஹோம் பதிப்பிலும் முழு சி டிரைவையும் என்க்ரிப்ட் செய்து ஆன் ஆகும்போதே பாஸ்வேர்டு கேட்க வைக்கலாம்.

தூங்க வைத்துவிட்டு மூடி எடுத்துக்கொண்டு போகும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். ஸ்லீப்பில் இருக்கும்போது சாவி ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) அப்படியே இருக்கும். 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ரேம் சிப்பைக் குளிர வைத்து, கரண்ட் போன பிறகும் நிமிடக்கணக்கில் அதில் இருந்த சாவி அழியாமல் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள், மைனஸ் 50 டிகிரியில் 10 நிமிடம் கழித்தும் நூற்றில் ஒரு பங்குகூட அழியவில்லையாம். திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் யாரும் ரேமைக் குளிர வைக்கப் போவதில்லை என்றாலும், வெளியே கிளம்பும்போது ஷட்டவுன் செய்ய அரை நிமிடம்தான் ஆகிறது.

பிட்லாக்கரின் உண்மையான விலை என்ன என்றால், ரெக்கவரி கீ என்கிற அவசரச் சாவி. 48 இலக்கம். எனக்கு நடந்த அதே விபத்து இப்போது நடந்தால் யோசியுங்கள், போர்டு போனால் டிபிஎம்மும் போய்விடும், பின் தெரிந்திருந்தும் பயன் இல்லை, அந்த 48 எண்தான் ஒரே வழி. அது இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது, 3பி போகாது, எதுவும் போகாது. பயோஸ் அப்டேட் செய்தால்கூடச் சில நேரம் திடீரென்று நீலத் திரையில் அதைக் கேட்கும், அதனால் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்தபோது, அவற்றைச் சரிசெய்யப் போனவர்கள் பல இடங்களில் முதலில் தேடி அலைந்தது இந்த எண்ணைத்தான். நான் மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் ஒன்று, அச்சடித்து வீட்டு பீரோவில் பத்திரத்தோடு ஒன்று, ஊரில் அம்மாவிடம் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தது ஒன்று. லேப்டாப் பையில் மட்டும் வைக்காதீர்கள்.

தினசரி பேக்கப் இல்லாமல் இதை ஆன் செய்யவும் வேண்டாம். என் பேக்கப் டிஸ்க்கும் இப்போது என்க்ரிப்ட் ஆனதுதான், லேப்டாப்பை மட்டும் பூட்டிவிட்டுப் பேக்கப்பைத் திறந்து போட்டால் பழைய கதைதான்.

பின்னோடு சேர்த்து பிட்லாக்கருக்கு 5க்கு நாலரை, அரையைக் குறைத்தது அந்த ஒளித்து வைத்த செட்டிங்குக்காக. பின் இல்லாமல் என்றால் மூன்றரை. உங்களிடம் இருப்பது உங்கள் சொந்தப் படங்களும் பாட்டும் மட்டும் என்றால் அதுவே போதும். அடுத்தவர்களுடைய காகிதங்களை வைத்துத் தொழில் செய்கிறவர்கள், ஆடிட்டர் ஆபீஸ், வக்கீல், கிளினிக், போட்டோ ஸ்டூடியோ, பின் வைக்காமல் இருக்காதீர்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகவலைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. அபராதத்தை விடுங்கள், நம்மை நம்பி ஆதாரை வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிற அந்த யூனிட்காரருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

போன வாரம் ரேம் கூடுதலாகப் போட அதே கடைக்குப் போனேன். வேலை முடிந்ததும் தம்பியிடம், அந்த எஸ்எஸ்டியையும் கழற்றி அன்றைக்கு மாதிரி உங்கள் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் விநோதமாகப் பார்த்துவிட்டு மாட்டினார். டிரைவ் மேல் மஞ்சள் பூட்டு ஒன்று வந்தது, எவ்வளவு ஜிபி என்றுகூடக் காட்டவில்லை, திறக்கப் போனால் 48 இலக்கம் கேட்டு ஒரு கட்டம். இரண்டு மூன்று வழி முயற்சி செய்து பார்த்தார். "இதுக்கு மேல நம்மால ஆகாதுங்கக்கா, நம்பர் வெச்சிருக்கீங்களா?"

"இருக்குது தம்பி, வீட்ல" என்றேன்.